பொருத்தப்போவது யார்?

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவர் உண்டு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவருக்கு இப்போது லென்ஸ் டிசைன் கற்றுக்கொள்ள வேண்டும். தானே கணக்குப் போட்டுச் செய்த டெலஸ்கோப்பில், தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, சனிக்கிரகத்தின் வளையத்தைப் பார்க்க வேண்டுமாம். கண்ணாடியைத் தேய்த்துக் கொடுக்கக்கூட ஆள் பிடித்துவிட்டார்.

"சார், யூட்யூப்ல இருக்கறது எல்லாம் பாத்தாச்சு. மண்டையில ஏறல. நல்ல புக்கா நாலு சொல்லுங்க, போதும்" என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நானும் மூன்று வாரமாக "நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் விடுகிற ஆளில்லை. பாலிசி பிடிக்கப் போன காலத்துப் பழக்கம் போலிருக்கிறது. தூரத்தில் என் தலை தெரிந்ததும் நடையை எட்டிப் போடுவார். இருபத்தைந்து வருஷம் லென்ஸுக்குள் குனிந்து குனிந்து எனக்குக் கழுத்தும் போய்விட்டது, கண்ணும் போய்விட்டது. காலையிலாவது அந்தப் பேச்சு வேண்டாமே என்று இருந்தது. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. லென்ஸ் டிசைனுக்கு நான் எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் அது என் லிஸ்டாக இருக்காது. அது ஒரு பெண்மணியின் லிஸ்ட். அதைச் சொல்ல ஆரம்பித்தால் அவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

பெயர் வேண்டாம். தன் பெயர் எங்கேயாவது வந்தாலே அவருக்குச் சங்கடம். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் கம்பெனி இருந்தது. முப்பது பேர் வேலை பார்த்த சின்னக் கம்பெனி. அங்கே லென்ஸ் டிசைனர் என்று இருந்தவர் அவர் ஒருவர்தான். நான் அப்போது லென்ஸைச் சுற்றி வரும் உலோகக் கூட்டை வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். கூட்டுக்குள் லென்ஸைப் பொருத்துகிற அசெம்பிளியில் இருந்த பெண்கள் அவரை அக்கா என்பார்கள்.

அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய களைப்புதான். வீடு கோவிலம்பாக்கம். ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் வந்து, ரயிலில் நின்றுகொண்டே தாம்பரம் வந்து, அங்கிருந்து கால் மணி நேரம் நடந்து உள்ளே நுழையும்போதே ஒரு முழுநாள் வேலை பார்த்த முகமாக இருக்கும். தாடைக்குக் கீழே ஊக்கு குத்திய கறுப்பு முக்காடு. அத்தா என்று அவர் சொல்லும் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே விலைபோகாமல் கிடந்த ஒரு தடித்த ஃப்ரேம். தோளில் டிபன் டப்பாவும் குடையும் பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகமும் இருக்கும் பை. "உக்காந்துக்கறேன் சார், அப்புறம் பேசலாம்" என்பதுதான் அவருடைய குட்மார்னிங். அவர் உட்காருவதைப் பார்த்தால் நமக்கே முதுகு வலிக்கும்.

இவ்வளவு களைப்பான மனுஷியிடம் யாராவது "லென்ஸ் டிசைன் கத்துக்க எந்தப் புக் நல்லது?" என்று கேட்டுவிட்டால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பதில் மட்டும் சட்டென்று வராது. மூன்று கேள்வி வரும்.

"என்ன லென்ஸ் பண்ணப் போறீங்க? அது எதைப் பார்க்கப் போகுது? யார் அதைப் பொருத்தப் போறாங்க?"

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்களுக்குப் புத்தகம் கிடையாது. எங்கள் மேனேஜருக்குச் சொந்தக்காரர் ஒருவர், எம்.எஸ்ஸி. முடித்தவர், ஒருமுறை லிஸ்ட் கேட்டு வந்தார். பொருத்தப்போவது யாராக இருந்தால் என்ன, நமக்குத் தியரிதானே வேண்டும் என்றார். "அப்போ உங்களுக்கு நான் எதுக்கு சார்? லைப்ரரிக்குப் போங்க, நல்லா ஃபேன் காத்து வரும்" என்று அனுப்பிவிட்டார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

நான் கேட்டபோது எனக்கும் அதே மூன்று கேள்விதான். இரண்டு வருஷமாக மேனேஜரிடம் கெஞ்சி, என்னையும் டிசைனில் சேர்த்துக்கொள்கிறேன் என்று அவர் வாயிலிருந்து வரவழைத்திருந்தேன். மாத்திரை அட்டையில் அச்சடித்த தேதியை வாசிக்கிற கேமரா ஒன்றுக்கு லென்ஸ் வேண்டும், அதை நான் பண்ணலாம் என்று சொல்லியிருந்தார். முதல் இரண்டு கேள்விக்கும் கடகடவென்று பதில் சொன்னேன். மூன்றாவதற்கு, "அசெம்பிளியில ஜெயா" என்றேன். ஜெயாதான் அங்கே மூத்த கை. மேடம் தலையை ஆட்டினார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு புத்தகமாகக் கொண்டுவந்தார்.

மொத்தம் நாலு புத்தகம். முதலாவது ஒல்லியானது. ஒரு ஒளிக்கதிரைக் கையால் கணக்குப் போட்டு லென்ஸுக்குள் கொண்டுபோவது எப்படி என்று சொல்வது. "மூணு அத்தியாயம் போதும். கம்ப்யூட்டரை மூடிடுங்க. கால்குலேட்டர்ல பத்து தடவை போடுங்க. பதினோராவது தடவை கதிர் எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்" என்றார். இரண்டாவது குண்டுப் புத்தகம். ஏற்கெனவே யாரோ செய்து பார்த்த லென்ஸ் வகைகளையெல்லாம் வரிசையாகக் கொடுத்திருக்கும். "புதுசா கண்டுபிடிக்கணும்னு ஆசைப்படாதீங்க. பக்கத்துல இருக்கற மாதிரி ஒண்ணை எடுத்து மாத்துங்க. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க, வெளிய சொல்றதில்ல." மூன்றாவது முழுக்கத் தியரி. "இதைக் கடைசியாத் தொடுங்க. முதல்ல தொட்டா இந்தப் படிப்பே வெறுத்துடும்." நாலாவது, செய்து பொருத்துவதைப் பற்றியது. எவ்வளவு பிசகலாம், எங்கே பிசகக் கூடாது என்று. அதை மட்டும் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கச் சொன்னார்.

"எழுதினவங்க முன்னாடி அத்தியாயமெல்லாம் தெம்பா எழுதியிருப்பாங்க சார். கடைசியிலதான் பட்ட அடியைச் சொல்லுவாங்க. அதுக்குள்ள படிக்கிறவங்க அலுத்துப்போய்ப் புக்கை மூடிடறாங்க."

அந்தப் புத்தகங்களில் இன்னொரு விஷயம் இருந்தது. ஓரத்தில் இருக்கும் வெள்ளை இடத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருப்பார். விளக்கமோ குறிப்போ இல்லை. எல்லாம் அவர் செய்த தப்புகள். "இங்கே கூட்டலைக் கழித்தல் என்று போட்டேன். நாலு நாள் போச்சு. வெயில் காரணம் இல்லை." "கண்ணாடியின் ஓரம் காகிதத்தைவிட மெல்லிசாக வந்தது. கம்ப்யூட்டர் சரி என்றதும் நானும் சரி என்றேன்." "ரயிலில் நின்றபடி போட்ட கணக்கு. தப்பு. ரயிலின் மேல் பழி போட முடியாது." எனக்குச் சிரிப்பாக வரும். பாட நூலைவிட அதைத்தான் தேடித் தேடிப் படித்தேன். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச லென்ஸ் டிசைனில் பாதி அந்த ஓரத்தில் கற்றதுதான்.

"மத்தவங்க பண்ண தப்பையும் எழுதி வெச்சா இன்னும் உபயோகமா இருக்குமே மேடம்" என்று ஒருநாள் சொன்னேன். நோன்பு மாதம். சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். மசூதியில் பாங்கு சொன்னதும் பையிலிருந்து பேரீச்சம்பழ டப்பாவை எடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

"அடுத்தவங்க தப்பு எனக்கு எப்படி சார் தெரியும்? எங்க விழுந்தாங்கன்னு தெரியும். ஏன் விழுந்தாங்கன்னு அவங்களுக்குத்தானே தெரியும். அவங்கவங்க எழுதிக்கணும்" என்றார். பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். பீச் ரயில் வந்ததும்தான் திறந்தார்.

என் லென்ஸுக்கு வருகிறேன். முதல் புத்தகத்தில் மூன்று அத்தியாயம் படித்தேன். இரண்டாவதைப் புரட்டினேன். நாலாவதைத் தொடவில்லை. மேனேஜர் தினமும் "ஆச்சா, ஆச்சா" என்று வந்து நிற்கும்போது எவ்வளவு பிசகலாம் என்று யார் உட்கார்ந்து படிப்பது? புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "படிச்சாச்சா சார்?" என்றார். "ஆச்சு மேடம்" என்றேன். ஸ்கிரீனில் என் லென்ஸ் பிரமாதமாக வந்தது. படம் ஓரம்வரை பளிச்சென்று இருந்தது. வரைபடத்தில் நான் வரைந்தவன் என்று கையெழுத்துப் போட்டேன், அவர் சரிபார்த்தவர் என்று போட்டார். என் வாழ்க்கையில் முதல் லென்ஸ். அன்றைக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன்.

அந்த லென்ஸில் நடுவில் ஒரு கண்ணாடி, இரண்டு பக்கமும் புடைத்தது. ஒரு பக்கத்து வளைவின் ஆரம் அறுபத்தொரு மில்லிமீட்டர், மறுபக்கம் அறுபத்து மூன்று. கம்ப்யூட்டர் தேடிப்பிடித்துக் கொடுத்த எண்கள். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றேதான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் வெளிச்சத்துக்குத் தெரியும். திருப்பிப் போட்டால் படம் ஓரத்தில் மங்கிவிடும்.

கண்ணாடிகள் டிஷ்யூ பேப்பரில் சுற்றி வந்து இறங்கிய அன்று ஜெயா என் மேஜைக்கு வந்தாள்.

"சார், இன்னா சார் இது? ரெண்டு பக்கமும் ஒரே மாரி கீது. எத்த மேல வெக்கறது?"

நான் போனில் இருந்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல், "டிராயிங்ல போட்டிருக்கு பாருங்க" என்றேன். டிராயிங்கில் போட்டுத்தான் இருந்தது. கையில் இருக்கும் கண்ணாடியில் எது அறுபத்தொன்று, எது அறுபத்து மூன்று என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

இருநூறு லென்ஸ் போயிற்று. சரிபாதி திரும்பி வந்தது.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். ஒரு லென்ஸைப் பிரித்து அளந்து பார்த்ததில் நடுக்கண்ணாடி தலைகீழாக இருந்தது. அசெம்பிளியின் கவனக்குறைவு என்றார். ஜெயா, "நான் சார்கிட்ட கேட்டேன் சார்" என்று என்னைப் பார்த்தாள். மேனேஜரும் என்னைப் பார்த்தார்.

"டிராயிங் க்ளியரா இருக்கு சார்" என்றேன்.

பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பொய் சொல்லியிருந்தால்கூட மனசு வந்து என்றைக்காவது திருத்தியிருப்பேனோ என்னவோ. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று ஜெயாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அவள் தன் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் அசெம்பிளி மேஜையில் ஒட்டியிருந்த முருகன் படத்தையும் எடுத்துப் பையில் போட்டதை நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன்.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாலாவது புக்கைப் படிக்கல, இல்ல?" என்றார்.

நான் எரிந்து விழுந்தேன். "ரெண்டு வருஷம் கெஞ்சி இந்தச் சீட்டுக்கு வந்திருக்கேன் மேடம். இப்பப் போய் என் தப்புன்னு சொன்னா மறுபடி கூடு வரையத்தான் அனுப்புவாங்க. உங்களுக்கென்ன, நீங்க டிசைனர். என்னைக் காட்டிக் கொடுக்கணும்னா கொடுத்துக்குங்க."

"உங்க தப்பை நான் சொல்ல மாட்டேன் சார். அது என் வேலை இல்ல" என்றார். ரயில் வந்தது. ஏறினோம். அப்பாடா என்று இருந்தது எனக்கு. சானடோரியத்தில் இறங்கும்போது ஒரு நன்றிகூடச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

திங்கட்கிழமை ஜெயா வேலைக்கு வந்திருந்தாள். முருகன் படம் பழைய இடத்தில் ஒட்டியிருந்தது. மேனேஜரின் கோபம் சனி, ஞாயிறில் தானாக இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க வசதியாக இருந்தது. நடுக்கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் அறுபத்திரண்டாக ஆக்கிவிடலாம், எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான் என்று மேடம் ஒரு சாப்பாட்டு வேளைக்குள் கால்குலேட்டரிலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார். படம் ஒரு மயிரிழை குறைந்தது. வாங்குகிறவர்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஜெயா மட்டும் அதற்குப் பிறகு என்னிடம் எதையுமே கேட்டதில்லை. சந்தேகம் என்றால் மேடத்திடம் போவாள், மேடம் இல்லையென்றால் சும்மா இருப்பாள்.

அடுத்த மாதம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பை மேடத்திடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தார்கள். அவரை, வருகிற கண்ணாடிகளைச் சோதித்து வாங்கும் அறைக்கு மாற்றினார்கள். ஏதோ நிர்வாக ஏற்பாடு என்றார் மேனேஜர். நானும் நம்பினேன். இரண்டு மாதம் கழித்து அவர் வேலையை விட்டார். அலைச்சல் தாங்கவில்லை, மேடவாக்கத்தில் தம்பி வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிறேன் என்றார். அதையும் நம்பினேன். அவ்வளவு களைப்பாகத்தானே இருந்தார். போகும்போது நாலு புத்தகத்தையும் என் மேஜையில் வைத்தார்.

"நாலாவதைக் கடைசியிலேருந்து படிங்க சார்" என்றார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை. நான் வேறு இடத்தில் டிசைன் தலைவர் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதல் மூன்று புத்தகமும் தைத்த நூல் விட்டுப்போகும் அளவுக்குப் படித்திருக்கிறேன். நாலாவதைத் திறக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்றுதான் பட்டுத் தெரிந்துகொண்டோமே, இனிமேல் எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அலமாரியில் அதன் முதுகு கண்ணில் பட்டால் ஜெயாவின் முகம் ஞாபகம் வரும். அதனால் உள்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை நண்பரின் நச்சரிப்பு தாங்காமல், புத்தகங்களையே கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று எடுத்துத் தூசி தட்டினேன். இரவல் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்ப்போம் என்று நாலாவதன் கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். மூன்றாவது பக்கத்திலேயே அச்சில் இருந்தது. இரண்டு பக்கத்து வளைவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்படி லென்ஸை வரையாதே, ஒன்றாகவே ஆக்கு, இல்லாவிட்டால் பார்த்ததும் தெரியும்படி மாற்று என்று. நாலே வரி. ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்து.

"அறுபத்தொன்று, அறுபத்து மூன்று. இந்தப் பக்கத்தைப் படித்தவள் நான். இரண்டு எண்ணையும் பார்த்தேன், யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். களைப்பு காரணம் இல்லை. சனிக்கிழமை மேனேஜர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். ஜெயா திங்கட்கிழமை வருகிறாள்."

என் பெயர் எங்கும் இல்லை. நான் வரைந்தேன் என்பதுகூட இல்லை. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே ஒன்றும் எழுதவில்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்து மனைவி, "காபி ஆறிப்போகுது" என்றாள். ஆறட்டும் என்றேன். கையெழுத்துப் பொறுப்பு, சோதனை அறை, மேடவாக்கம் என்று ஒவ்வொன்றாக இப்போதுதான் கணக்கில் வந்து சேர்ந்தது. வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை. மேடவாக்கம் ஒன்றும் தூரதேசம் இல்லை, ஒரு பஸ். போக வேண்டும். ஆனால் வெறும் வாயோடு போய் என்ன சொல்வது? முதலில் அந்த இரண்டு கோட்டை நிரப்ப வேண்டும். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு தடவை எழுதி அழித்தேன். நாலு தடவையும் போன், மேனேஜர், அவசரம் என்று ஏதாவது ஒன்று வாக்கியத்துக்குள் வந்து நின்றது. ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது.

திங்கட்கிழமை காலை புத்தகப் பையோடு ஏரிக்கரைக்குப் போனேன். நண்பருக்கு முகமெல்லாம் பல்.

"மூணு கேள்வி சார்" என்றேன். "என்ன லென்ஸ், எதைப் பார்க்கப் போகுது, ரெண்டும் எனக்குத் தெரியும். யார் பொருத்தப் போறாங்க?"

"என் மிஸஸ்தான் சார். எனக்குத்தான் கை நடுங்குமே" என்றார், இது என்ன கேள்வி என்பது போல.

"அப்போ இந்த நாலாவது புக்ல கடைசி அத்தியாயத்தை அவங்களுக்கு முதல்ல படிச்சுச் சொல்லுங்க. ஓரத்துல எழுதியிருக்கறதையும் சேர்த்து."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து அப்போதே திறந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே பிடித்து, பென்சில் எழுத்தை வாய்விட்டு வாசித்தார். முதலில் மேடம் எழுதியது. பிறகு அந்த இரண்டு கோட்டின் மேல் இருந்தது.

"வரைந்தது நான். எந்தப் பக்கம் மேலே என்று ஜெயா என்னிடம் கேட்டாள். டிராயிங்கைப் பார் என்றேன்."

"ரெண்டு கையெழுத்தா இருக்கே. யாரு சார் எழுதினது?" என்றார்.

"மேல இருக்கறது அவங்க" என்றேன். "கீழ இருக்கறது நான்."